சிவகாசி வெயில்ல தளம் போடுற தங்கச்சிக்கு

வைகாசிக் கடைசியில தளம் போட நாள் குறிச்சிருக்கோம்னு நீ சொன்னதும் எனக்குக் கம்பி விலையோ சிமென்ட் விலையோ ஞாபகத்துக்கு வரல. காத்துதான் வந்துச்சு. நம்ம ஊர்ல அந்த நேரம் வெயிலும் தணிஞ்சிருக்காது, மேல்காத்தும் கிளம்பிரும். துவைச்சுப் போட்ட சேலை கொஞ்ச நேரத்துல காஞ்சு கொடியில படபடன்னு அடிக்கும். இந்த வறட்சிதான் சிவகாசிக்குச் சோறு போட்டுச்சு. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து 1923-ல இங்க தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. அது நிலைச்சு நின்னதுக்கு, மருந்து ஈரம் கட்டாம காயுற இந்தக் காத்தும் ஒரு காரணம். ஆனா தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நல்லது பண்ணுற அதே காத்து, புதுசாப் போட்ட கான்கிரீட்டுக்குப் பகை. நான் சொல்லப்போறது பூராவும் இதைச் சுத்தித்தான் வரும்.

சிமென்ட் காஞ்சு இறுகுதுன்னுதான் பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது காயுறதால இறுகல. தண்ணியை உள்ள வாங்கி, அதோட சேர்ந்து புதுசா ஒரு கல்லா மாறுது, அதனால இறுகுது. அந்த மாற்றம் முடியுறதுக்கு முன்னாடி தண்ணி ஆவியாப் போயிருச்சுன்னா, மிச்சச் சிமென்ட் வேலைக்கு ஆகாம உள்ளயே பொடியாக் கிடக்கும். காசு குடுத்தது முழு மூட்டைக்கு, பலன் முக்கால் மூட்டைக்குன்னு ஆயிரும்.

அது என்ன கல்லு, எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மேஸ்திரிகிட்ட பேசுறப்போ உனக்கு ஒரு தைரியம் வரும். சிமென்ட் நம்ம மாவட்டத்துச் சரக்குதான். அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கு. ராஜபாளையத்து பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல தொடங்கின கம்பெனியோட முதல் ஆலை, துலுக்கபட்டிப் பக்கம் இப்போ ஆர்.ஆர். நகர்னு சொல்றோமே, அங்கதான் வந்துச்சு. ஆலங்குளத்துல அரசு சிமென்ட் ஆலை 1970-ல இருந்து இருக்கு. இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், கடலடியில படிஞ்சபடியே கிடக்குற சாதாரணக் கல் இல்ல. பூமிக்குள்ள பயங்கரச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து, சர்க்கரைக் குருணை கணக்கா மின்னுற படிகக் கல். அந்தச் சூட்டுல, சுண்ணாம்புக்குப் பக்கத்துல களிமண்ணோ மணலோ கலந்திருந்த இடத்துல எல்லாம் கால்சியமும் அலுமினியமும் சிலிக்காவும் ஒண்ணுசேர்ந்து வேற கனிமமா மாறியிருக்கு. பழுப்புச் சிவப்புக் கார்னெட் அதுல ஒரு வகை.

வழியில ஒரு துண்டு கிடைச்சா எடுத்துப் பாரு. வெள்ளையா இருக்குற பாகத்தை ஆணியால சுரண்டி, அந்தப் பொடி மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சின்னச் சின்னதா நுரை வரும். அது சுண்ணாம்பு. நடுவுல பழுப்பாவோ பச்சையாவோ புள்ளி இருந்தா அதுல ஆணி இறங்காது, எலுமிச்சைக்கும் அசையாது. அது சிலிகேட். பிள்ளைங்களுக்குக் காட்டினா ரெண்டு நாளைக்கு வீட்டுல எலுமிச்சம்பழம் மிஞ்சாது.

இதே குடும்பத்துல அனார்த்தைட்னு ஒண்ணு இருக்கு. அதுவும் கால்சியம் அலுமினியம் சிலிகேட்தான். நிலாவுல வெளுப்பாத் தெரியுற மேட்டுப் பகுதியெல்லாம் பெரும்பாலும் அந்தக் கல்லுதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அதே வகைப் பாறை கிடக்குன்னு, அதை வெட்டி அரைச்சுக் கொண்டுபோய்த்தான் இஸ்ரோக்காரங்க சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண்ணு மாதிரித் தரை தயார் பண்ணினாங்க. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆட்கள் அதுக்கு உதவினாங்க. தளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைதான், சொல்லாம இருக்க முடியல.

சரி, விஷயத்துக்கு வரேன். கார்னெட்டுலயும் அனார்த்தைட்லயும் இருக்குற அதே சுண்ணாம்பு, அலுமினா, சிலிக்காதான் சிமென்ட்லயும் இருக்கு. அப்போ பாறையைப் பொடிச்சுத் தண்ணி ஊத்தினா ஏன் இறுகமாட்டேங்குது? பாறை ஆற அமர உருவாகி, இனிமே மாறத் தேவையில்லைங்கிற நிலைக்கு வந்துட்ட பொருள். சிமென்ட் அப்படி இல்ல. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைச்சுச் சூளையில சுமார் 1450 டிகிரியில வேகவெச்சு, சுண்ணாம்பை அளவுக்கு மேல ஏத்தி, சட்டுன்னு குளிரவெச்சு எடுக்கிறாங்க. கிளிங்கர்னு சொல்ற கருஞ்சாம்பல் உருண்டை அதுதான். அதுல பெரும்பங்கு கால்சியம் சிலிகேட், கொஞ்சம் கால்சியம் அலுமினேட். தண்ணி பட்டா மாறியே ஆகணும்னு தவிச்சுக்கிட்டிருக்குற பொருள். அந்த அலுமினேட் ரொம்ப அவசரக்காரன். விட்டா கலவை சட்டியிலயே கட்டியாயிரும். அதைக் கொஞ்சம் நிதானப்படுத்தத்தான் அரைக்கிறப்போ ஜிப்சம் சேர்க்கிறாங்க.

இப்போ கடைக்குப் போறப்போ கேட்க வேண்டியது. "சாம்பல் கலந்த சிமென்ட்டை வாங்காதே, அது கலப்படம்"னு யாராவது உன்கிட்ட சொல்லுவாங்க. எனக்கு இதைக் கேட்டா கோவமே வரும். பிபிசி சிமென்ட்ல 15-லிருந்து 35 சதவீதம் வரை அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்க்கலாம்னு இந்தியத் தர விதியே சொல்லுது. அந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்ல. நிலக்கரிக்குள்ள இருந்த களிமண் உருகி, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டையா ஆனது. சிமென்ட் தண்ணியோட சேருறப்போ சுண்ணாம்பு கொஞ்சம் உபரியா வெளிய வரும். சாம்பல்ல இருக்குற அலுமினாவும் சிலிக்காவும் அந்தச் சுண்ணாம்பைப் பிடிச்சு, கூடுதலா ஒட்டுப்பசையைக் கட்டிக்கும். நம்ம தாத்தா காலத்துக் கொத்தனார்கள் செங்கல்லைப் பொடிச்சுச் சுண்ணாம்புல கலந்தாங்களே, சுர்க்கி, அதுவும் செஞ்சது இதே வேலைதான். 1895-ல கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையிலதான் நிக்குது. அதைக் கலப்படம்னு யாரும் சொல்றதில்ல.

இரும்பு ஆலைக் கசடு சேர்த்த பிஎஸ்சி சிமென்ட்டும் அப்படித்தான். சர்க்கரைப் பாகை மெதுவா விட்டா கல்கண்டா விளையும், சட்டுன்னு குளிரவெச்சா கண்ணாடி மிட்டாய் ஆகும். உருகின கசடு தானா ஆறினா வெறும் கல்லு, எதுக்கும் அசையாது. தண்ணியைப் பீச்சி உடனே குளிரவெச்சா கண்ணாடி. அந்தக் கண்ணாடியை அரைச்சாதான் சிமென்ட்டோட சேர்ந்து வேலை செய்யும்.

ஆனா ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சாம்பல் செய்யுற வேலை மெதுவா நடக்கும். அதுவரைக்கும் ஈரம் இருக்கணும். சாதா ஓபிசி சிமென்ட்டுக்குக் குறைஞ்சது 7 நாள் ஈரம்னு விதி. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்துல 10 நாள். சாம்பலோ கசடோ சேர்ந்ததுன்னா 14 நாள் வரை நீட்டச் சொல்லுது. நம்ம ஊருக்கு 14 நாள்னே வெச்சுக்கோ. அஞ்சு நாள் தண்ணி ஊத்திட்டு, "பிபிசி சரியில்ல"ன்னு பழி போடுறவங்கதான் அதிகம்.

மூட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அச்சைப் படி. ஐஎஸ் 269-னு இருந்தா ஓபிசி, ஐஎஸ் 1489 பாகம் 1-னு இருந்தா சாம்பல் சேர்த்த பிபிசி, ஐஎஸ் 455-னா கசடு சேர்த்தது. ஐஎஸ்ஐ முத்திரை, தயாரிச்ச வாரம் இல்லேன்னா மாதம், வருஷம் எல்லாம் இருக்கணும். மூணு மாசம் தாண்டினதைத் தளத்துக்கு எடுக்காதே, பலம் அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் இறங்கியிருக்கும். உள்ள கைவிட்டா ஜில்லுன்னு இருக்கணும், கட்டி இருக்கக்கூடாதுங்கிற பழைய சோதனை கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்றவங்களை நம்பாதே. கருத்த நிறம் இரும்புச் சத்தால வருது, பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மூட்டையைத் தரையிலயும் வெக்காதே, சுவரை ஒட்டியும் வெக்காதே. பலகை போட்டு அடுக்கி, பத்து மூட்டை உயரத்தோட நிறுத்து, மேல தார்ப்பாய் மூடு. முன்னாடி வந்தது முன்னாடி போகணும். நம்ம ஊர்ல மழையே இல்லையேன்னு மெத்தனமா இருக்காதே. காத்துல இருக்குற ஈரமே போதும் அதுக்கு.

தண்ணி விஷயத்துல நான் கறாரா இருப்பேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு. நாக்குல வெச்சா கரிக்குதுன்னா அதை வெச்சு கம்பி கட்டின கான்கிரீட் போடாதே. குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போனா கம்பிக்கு ஆகாதுன்னு விதியில இருக்கு. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கும், வீங்கினா தளத்துக்கு அடியில பொருக்குப் பொருக்கா உதிரும். தண்ணியில சல்பேட் அதிகம்னா, நான் சொன்ன அந்த அவசரக்கார அலுமினேட்டோட சேர்ந்து உப்பிக் கான்கிரீட்டையே பிளக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல தண்ணியைக் குடுத்தா சோதிச்சுத் தருவாங்க, அதிகச் செலவில்ல. சரியில்லேன்னு வந்தா லாரித் தண்ணி வாங்கு. கலக்க நல்ல தண்ணி, நனைக்க உப்புத் தண்ணின்னு பிரிச்சு வெச்சுக்கிறவங்க உண்டு. அதையும் செய்யாதே. நனைக்கிறதும் உள்ளதான் இறங்குது.

கலவையில எவ்வளவு தண்ணி? சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3-னு போடுற கலவைக்கு ஒரு மூட்டைக்கு மொத்தமா 30 லிட்டருக்கு மேல போகக்கூடாது. எம்-சாண்ட் ஈரமா இருந்தா அந்தத் தண்ணியும் கணக்குல சேரும். பக்கெட்டுல கோடு போட்டு வெச்சுக்கோ. கலவை தளதளன்னு ஓடினா சித்தாளுக்குச் சுமக்கவும் கொத்தனாருக்குப் பரப்பவும் சுகமா இருக்கும், அதனால "இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னு ஒரு குரல் வந்துக்கிட்டே இருக்கும். கூடுதலா ஊத்தின தண்ணி பின்னால ஓட்டையாத்தான் மிஞ்சும், மழைக்கு ஒழுகுறது அந்த வழியாத்தான். டீ குடிக்கப் போய்ட்டு வந்து, இறுகிப்போன கலவையில தண்ணி தெளிச்சுக் கிண்டவும் விடாதே. அரை மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கிற அளவுக்குத்தான் ஒரு தடவை கலக்கணும். எம்-சாண்ட்ங்கிற பேர்ல கிரஷர் தூசி வந்துருச்சான்னு பார்க்க, ஈரக் கையில ஒரு பிடி எடுத்துக் கசக்கிக் கீழ போடு. உள்ளங்கையில மாவு மாவா அப்பிக்கிட்டு நின்னா அந்த லோடைத் திருப்பி அனுப்பு.

தளம் போடுற அன்னிக்கு விடியுறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லு. சென்ட்ரிங் பலகையை நல்லா நனைச்சுவிடு. காஞ்ச பலகை கான்கிரீட்ல இருக்குற தண்ணியை உறிஞ்சும். போட்டு மட்டம் தட்டினதும் மேல ஒரு பளபளப்பு தெரியும், கீழ இருந்து ஏறி வந்த தண்ணி அது. அந்தப் பளபளப்பு மங்குற நேரம்தான் முக்கியம். மேல்காத்து அடிச்சா அது ரொம்ப வேகமா மங்கும். மங்கினப்புறம் கவனிக்காம விட்டா, மயிரிழை மாதிரி கோடு கோடா வெடிப்பு ஓடும். மறுநாள் சிமென்ட் பாலை ஊத்தி மறைக்கலாம், வெடிப்பு வெடிப்புதான். அதனால மங்கும்போதே பிளாஸ்டிக் தார்ப்பாயை மூடி ஓரத்துல செங்கல் வெச்சிடு. கை வெச்சா பதியாத அளவுக்கு இறுகினதும், தார்ப்பாயை எடுத்துட்டு ஈரச் சாக்கு. மறுநாள் காலையில பாத்தி கட்டித் தண்ணியை நிறுத்திடு. நின்ன தண்ணிக்கு நிகர் எதுவும் இல்ல. ஹோஸ் பிடிச்சு காலையிலயும் சாயங்காலமும் தெளிக்கிறது நம்ம ஊர் மத்தியான வெயிலுக்குக் காணாது. நடுவுல காஞ்சு காஞ்சு நனையுற தளத்தை நனைச்சதாச் சேர்க்கமாட்டேன்.

தளத்துக்குப் பாத்தி கட்டுறவங்க தூணை மறந்துடுறாங்க. வீட்டையே தாங்குறது தூணு. அதைச் சுத்திச் சணல் சாக்கைக் கட்டு, சாக்கு ஈரமா இருக்கான்னு நீயே போய்த் தொட்டுப் பாரு. பூச்சுக்கும் ஒரு வாரமாவது தண்ணி வேணும்.

முட்டு பிரிக்க அவசரப்படாதே. 4.5 மீட்டர் வரைக்கும் அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள். 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதுக்கு மேல 21. இதெல்லாம் ஓபிசி கணக்கு. நீ பிபிசி போட்டா இன்னும் சில நாள் சேர்த்து என்ஜினீயர் சொல்றதைக் கேளு. "பலகை வாடகை ஏறுதும்மா"ன்னு சென்ட்ரிங்காரர் நச்சரிப்பார். ஏறட்டும்.

காம்பவுண்ட் சுவர் பாக்கி இருக்கு, உன் இடத்துல பின்பாதி கரிசல்னு வேற சொன்ன. கரிசல் களியும் அலுமினியம் சிலிகேட்தான், தாள் தாளா அடுக்கின மாதிரி. மழைக்கு அந்த அடுக்குக்குள்ள தண்ணி போய் உப்பும், கோடையில சுருங்கிக் கால் போற அளவுக்கு வெடிக்கும். அதுக்கு மேல சின்னதா வானம் தோண்டிச் சுவர் எழுப்பினா ரெண்டு மழைக்குள்ள படிப்படியா விரியும். வெடிப்பு இறங்குற ஆழத்துக்குக் கீழ போய் நிக்கணும், அடியில சரளை போட்டு இறுக்கணும். ரோடு போடுறவங்க கரிசல்ல சுண்ணாம்பு கலந்து இறுக்குறதுண்டு. களியோட சுண்ணாம்பு சேர்ந்து மெதுவா அதே ஒட்டுப்பசைதான் உண்டாகுது. வீட்டுக்கு எவ்வளவு போடணும்ங்கிறதை மண்ணைச் சோதிச்சுத்தான் முடிவு பண்ணணும், கை அளவு உதவாது.

இது பட்டாசு ஊர்ங்கிறதால ஒரு எச்சரிக்கை. மருந்துக்குப் போற அலுமினியப் பவுடரும் ஈரச் சிமென்ட்டும், இல்ல ஈரச் சுண்ணாம்பும், கலக்கவே கூடாது. ஹைட்ரஜன் கிளம்பும், சூடும் ஏறும். மூடின இடமா இருந்தா அது தீப்பிடிக்க ஒரு பொறி போதும். லேசா மிதக்குற ஏஏசி கல்லு வருதில்லையா, அது கலவையில துளியளவு அலுமினியப் பவுடரைப் போட்டு, அந்த வாயுவால உப்பவெச்சு, அப்புறம் நீராவி அழுத்தத்துல வேகவெச்சு எடுக்கிறதுதான். அது ஆலையில அளந்து செய்யுற வேலை. "மிச்சப் பவுடர் இருக்கு, பூச்சுல கலந்து பார்ப்போம்"னு யாராவது யோசனை சொன்னா அந்த ஆளை வாசல் தாண்ட விடாதே. அலுமினிய ஜன்னல் பிரேமையும் பூச்சு முடிஞ்சப்புறம் மாட்டு. முன்னாடியே மாட்டியாச்சுன்னா டேப் ஒட்டி மூடு. தெறிச்ச சிமென்ட்டைக் காயவிட்டா அந்த இடம் வெள்ளைத் தழும்பா அரிச்சுரும்.

கடைசியா உன் கை. வேலை நடக்குற இடத்துல நீ சும்மா நிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஈரச் சிமென்ட் சுண்ணாம்பு அளவுக்குக் காரம், தோலை மெதுவா அரிக்கும், அப்போ எரிச்சல் தெரியாது, ராத்திரிதான் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதும்னு சித்தாள்கள் சொல்லுவாங்க, போதாது. ரப்பர் கையுறை போடு, அவங்களுக்கும் வாங்கிக் குடு, விலை ஒண்ணும் பெருசில்ல. ஈரக் கலவையில முட்டி போட்டு உட்காராதே. பட்டுட்டா உடனே நிறையத் தண்ணியில கழுவு. கண்ணுல தெறிச்சா கசக்காம, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போ. செருப்புக்குள்ளயோ கையுறைக்குள்ளயோ கலவை போயிருச்சுன்னா கழட்டிக் கழுவிட்டுத்தான் அடுத்த வேலை.